கிறீச்சிடும் காலும் மாங்காய்த் தோப்பும்

அக்காள் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். சென்ற கோடை விடுமுறைக்கு வந்திருந்தபோது, பள்ளி நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஆங்கில நாவல் ஒன்றை என் மேசைமேல் வைத்து, "மாமா, இது உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றாள். எனக்குப் பிடித்தவை துப்பறியும் கதைகள். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவள் கொடுத்த புத்தகத்தில் கொலையும் இல்லை, கொலைகாரனும் இல்லை. பிறவியிலேயே முகம் சிதைந்த ஒரு சிறுவன் முதன்முறையாகப் பள்ளிக்கூடம் போகிற கதை அது. ஏன் எனக்குப் பிடிக்கும் என்று கேட்டேன். அவள் வாயால் ஒன்றும் சொல்லவில்லை; கண் மட்டும் என் இடது காலுக்குப் போய்விட்டுத் திரும்பியது.

இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து சூம்பிய கால் அது. இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தைக்கு அந்த நோய் கண்டது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் நாடு போலியோ அற்றதாக அறிவிக்கப்பட்டது. ஆகவே என் மருமகளின் தலைமுறைக்குக் காலிப்பர் என்கிற தாங்குகருவி மாட்டிய கால் என்பது அருங்காட்சியகப் பொருளைப் போன்றதுதான். அவள் என்னைப் புண்படுத்த நினைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும், தோற்றத்தை வைத்து மனிதரை எடை போடாதே என்று சொல்கிற புத்தகத்தை, என் தோற்றத்தை வைத்து என்னை எடை போட்டல்லவா எனக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறாள் என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். சிரித்துக்கொண்டே இரண்டு இரவுகளில் படித்தும் முடித்துவிட்டேன்.

ஆர். ஜே. பலாசியோ எழுதிய 'ஒண்டர்' 2012-இல் வெளிவந்தது. 2017-இல் திரைப்படமாகவும் வந்தது. ஆகஸ்ட் என்ற அந்தச் சிறுவனுக்கு இருபத்தேழு அறுவைச் சிகிச்சைகள் நடந்திருக்கின்றன. அவனைத் தொட்டுவிட்ட பிள்ளைகள் முப்பது வினாடிக்குள் கை கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் கொள்ளைநோய் ஒட்டிக்கொள்ளும் என்று வகுப்பில் ஒரு விளையாட்டு நடக்கிறது. இது அமெரிக்கக் கதையாயிற்றே என்று என்னால் தள்ளிவைக்க முடியவில்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் என் பெஞ்சில் இருவர் உட்கார மறுத்தார்கள். கதையின் உயிர்நிலை அவர்கள் ஊரில் பிள்ளைகள் வேடம் கட்டிக்கொள்ளும் ஹாலோவீன் நாளன்று வருகிறது. அன்றைக்கு முகமூடிக்குள் இருக்கும்வரை ஆகஸ்டும் மற்றவர்களைப் போல ஒருவன். நடைபாதையில் தலை நிமிர்ந்து போகிறான், யாரும் ஒதுங்கவில்லை. ஆனால் தான் வருவதாகச் சொல்லியிருந்த வேடத்தை விட்டுவிட்டு வேறு வேடத்தில் போனதால், உள்ளே இருப்பது அவன்தான் என்று தெரியாமல், அவனுடைய உற்ற நண்பன் என்று அவன் நம்பியிருந்த ஜாக், "எனக்கு அப்படி ஒரு முகம் இருந்தால் செத்துப்போவேன்" என்கிற கருத்தில் மற்றவர்களிடம் பேசிக்கொண்டிருப்பது அவன் காதில் விழுகிறது. அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நான் சற்று நேரம் வாசலில் போய் நின்றேன்.

ஜாக் நல்லவன்தான், பின்னால் வருந்துகிறான், ஆகஸ்டுக்காக ஒருவன் வாயில் குத்தவும் செய்கிறான். ஆனால் அவனை நண்பனாக நியமித்தவர் தலைமையாசிரியர். புதிய பையனுக்குத் துணையாக இரு என்று பெரியவர்கள் சொல்லி ஏற்படுத்திய உறவு அது. அதே கதையில் சம்மர் என்றொரு பெண் வருகிறாள். யாரும் சொல்லாமல், சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஆகஸ்டின் மேசையில் தன் தட்டைக் கொண்டுவந்து வைக்கிறாள். முதல் நாள் பரிதாபப்பட்டுத்தான் உட்கார்ந்தேன், அதற்குப் பிறகு அவனோடு இருப்பது வேடிக்கையாக இருந்ததால் தொடர்ந்தேன் என்று அவளே ஒத்துக்கொள்கிறாள். நாவல் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்தவள் இவள்தான். பரிதாபத்தில் தொடங்கியதை அவள் மறைக்கவில்லை. பரிதாபத்திலேயே நின்றுவிடவும் இல்லை.

முடிவில் ஆகஸ்டுக்குப் பதக்கம் கொடுக்கிறார்கள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டுகிறது. அங்கேதான் எனக்குக் கசந்தது. ஒரு வருடம் பள்ளிக்கூடம் போய் வந்ததற்கு யாராவது பதக்கம் கொடுப்பார்களா? மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லையே. என்னுடைய பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சிக்கு ஊரில் ஒரு மன்றத்தார் மேடை போட்டுச் சால்வை போர்த்தினார்கள். என்னைவிட எண்பது மதிப்பெண் கூடுதலாக வாங்கியவன் கீழே நின்று கைதட்டினான். அந்தச் சால்வை நெடுங்காலம் எங்கள் வீட்டில் மிக்சிக்கு உறையாக இருந்தது.

நட்பைப் பற்றிய கதைகளில் உடற்குறை உள்ளவன் வந்தால், பெரும்பாலும் அவனுக்கு ஒரு தேர்வு வைக்கிறார்கள் என்பதே என்னுடைய நெடுநாள் குறை. முதலில் எல்லோரும் அவனைத் தோற்றம் கண்டு வெறுப்பார்கள். பிறகு அவன் அளவற்ற நல்லவன், அல்லது அளவற்ற அறிவாளி, அல்லது அளவற்ற பொறுமைசாலி என்று வெளிப்படும். அப்போது நண்பன் மனம் மாறுவான். அளவுகோலை ஒருவரும் எறிவதில்லை. முகத்தில் தோற்றவனுக்கு மனத்தில் மறுதேர்வு. அதில் நூற்றுக்கு நூறு வாங்கினால் மட்டும் தேர்ச்சி. மற்ற மனிதர்கள் முப்பத்தைந்து வாங்கினாலே நண்பர்களாகிவிடுகிறார்கள்.

இதை ஒருமுறை பேசிக்கொண்டிருந்தபோது ஒரு நண்பர், "அப்படியானால் 'அன்பே சிவம்'?" என்று மடக்கினார். சரியான கேள்வி. 2003 பொங்கலுக்கு வந்த அந்தப் படத்தை நான் நான்கைந்து முறை பார்த்திருக்கிறேன். புவனேசுவரம் விமான நிலையத்தில் மழையால் விமானம் நின்றுபோக, முகமெல்லாம் தழும்பும் தடித்த கண்ணாடியும் சாய்ந்த நடையுமாக அருகில் இருக்கும் நல்லசிவத்தைப் பார்த்து, மாதவன் நடித்த அன்பரசு, இவன் தீவிரவாதியாக இருப்பானோ என்று சந்தேகித்துக் காவலர்களிடம் சொல்லிவிடுகிறான். தன் பெயரையே நாகரிகமாக 'ஏ. அரஸ்' என்று சுருக்கிக்கொண்டவன் அவன். பெயரிலேயே தோற்றம் பார்க்கிறவனுக்கு முகம் பார்க்கச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? அந்த இருவரும் ஒரே அறையில் இரவு தங்கி, வெள்ளத்தில் மாட்டி, ஊர் வந்து சேருகிற வழியெல்லாம் சண்டை போடுகிறார்களே, அந்தப் பகுதியைத் தமிழ்த் திரையில் நட்பைப் பற்றி எடுத்தவற்றில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாக வைப்பேன். நல்லசிவம் அங்கே வாயாடி, குத்தல் பேச்சுக்காரர், சில நேரம் எரிச்சலூட்டுபவர். அன்பரசு அவரைத் திட்டுகிறான், அவரும் விடாமல் திருப்பிக் கொடுக்கிறார். இருவரும் சரிசமமாக நிற்கிறார்கள்.

ஆனால் கதை அதோடு விடவில்லை. நடுவில் பழைய கதை வருகிறது. விபத்துக்கு முன்னால் நல்லசிவம் எவ்வளவு கட்டழகன், எப்பேர்ப்பட்ட வீதி நாடகக் கலைஞன், ஓவியன், காதலன் என்று நமக்குக் காட்டப்படுகிறது. இவனும் ஒரு காலத்தில் அழகன்தான் என்ற சான்றிதழ் இல்லாமல் நம்மால் அந்த முகத்தை நேசிக்க முடியாது என்று இயக்குநரோ எழுதியவரோ அஞ்சியிருக்க வேண்டும். கடைசியில் காதலியை அன்பரசுக்கே விட்டுக்கொடுத்துவிட்டு, தன்னைக் கொல்ல வந்தவனையும் மனம் மாறச் செய்துவிட்டு, அவர் தன் வழியே நடந்து போய்விடுகிறார். அன்பரசு அவரை அண்ணனாகவே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டவன். வைத்துக்கொண்டிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? காலையில் காப்பிக்கு யார் பால் வாங்குவது என்று இருவரும் சண்டை போடுகிற காட்சியைப் பார்க்க எனக்கு இருபது வருடமாக ஆசை. நல்லசிவம் தெய்வமாகிவிட்டதால் குடித்தனத்துக்கு உதவாமல் போய்விட்டார்.

வெளிநாட்டுக் கதைகளிலும் இந்த விடைபெறுதல் உண்டு. 1937-இல் வந்த 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' நாவலில் அறிவு வளர்ச்சி குன்றிய லென்னியை, அவன்மேல் உயிரையே வைத்திருந்த ஜார்ஜ்தான் சுட்டுக் கொல்கிறான். 'ஹைடி' கதையில் சக்கர நாற்காலியில் இருந்த கிளாரா மலைக்காற்றில் எழுந்து நடந்துவிடுகிறாள். சாக வேண்டும், குணமாக வேண்டும், அல்லது போய்விட வேண்டும். அப்படியே இருந்து நண்பனோடு கிழவனாவது மட்டும் கதாசிரியர்களுக்குக் கைவருவதில்லை.

நம் பழைய நூல்களில் இந்தச் சிக்கல் இரண்டு பக்கமும் இருக்கிறது. "உருவுகண்டு எள்ளாமை வேண்டும்" என்று சொன்ன வள்ளுவர், உருண்டோடும் பெருந்தேருக்கு அச்சாணியைக் காட்டி விளக்கினார். கூன், குருடு, செவிடு நீங்கிப் பிறத்தல் அரிது என்று ஔவையார் பெயரில் வழங்கும் பாட்டும் அதே பள்ளிக்கூடத்தில்தான் எனக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது. அதை மனப்பாடம் ஒப்பிக்க என்னையே எழுப்பினார் ஆசிரியர். கம்பன் மந்தரையைக் "கொடுமனக் கூனி" என்று உடலையும் மனத்தையும் ஒரே மூச்சில் வளைத்துவிடுகிறான். ஆனால் கம்பன் கம்பன்தான். அடுத்த சில பாடல்களுக்குள்ளேயே, இராமன் சிறுவனாக இருந்தபோது வில்லில் உண்டை வைத்துத் தன்மேல் அடித்ததை அவள் மறக்காமல் எண்ணிக்கொண்டு வருகிறாள் என்றும் சொல்லிவிடுகிறான். காப்பியம் முழுவதையும் திருப்பிப்போடுகிற அந்தச் சூழ்ச்சிக்குப் பின்னால், கூன் முதுகைக் குறிபார்த்த ஒரு சிறுபிள்ளை விளையாட்டு இருக்கிறது. அந்த ஓர் அடியைப் படிக்கும்போதெல்லாம் என் பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் பிடித்து உட்காரவைத்துச் சொல்லிக் காட்டுவது என் வழக்கம்.

முகமே பாராமல் நட்புக் கொண்டவர்கள் என்று கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் சொல்வோம். அங்கேயும் பாருங்கள், வடக்கிருக்கும் சோழனைத் தேடிப் பாண்டிய நாட்டிலிருந்து வந்து சேர்ந்த புலவரிடம் கேட்கப்பட்டதாகச் சொல்லப்படும் கேள்வி, "இவ்வளவு வயதாகியும் உமக்கு ஏன் தலை நரைக்கவில்லை" என்பதுதான். நம்மவர்களுக்குத் தோற்றத்தை விட்டுவிட மனம் வராது.

தோற்றத்தைப் பாராதவன் வேண்டுமானால் பார்வையற்றவனைத்தான் தேட வேண்டும் என்பது கதாசிரியர்களின் இன்னொரு பழைய நம்பிக்கை. 1818-இல் வந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலில், ஒரு குடிசையை ஒட்டிய கொட்டகையில் மாதக்கணக்கில் ஒளிந்திருந்து அந்தக் குடும்பத்தின்மேல் அன்பு கொண்ட கோர உருவம், மற்றவர்கள் வெளியே போன நேரம் பார்த்து, கண் தெரியாத பெரியவரிடம் போய் நட்புக் கேட்கிறது. அவரும் அன்பாகவே பேசுகிறார். கண் தெரிந்த மகன் உள்ளே வந்ததும் தடியால் அடிக்கிறான். படிக்க உருக்கமாக இருக்கும். ஆனால் அந்தப் பெரியவர் அங்கே ஒரு மனிதராக இருக்கிறாரா, கதைக்கு வேண்டிய கருவியாக மட்டும் இருக்கிறாரா என்று நான் யோசிப்பதுண்டு.

அதற்கு நூற்றறுபது வருடம் கழித்து வந்த பதிலாகத்தான் ரேமண்ட் கார்வர் 1981-இல் வெளியிட்ட 'கதீட்ரல்' என்ற சிறுகதையை நான் படிக்கிறேன். தன் மனைவியின் பழைய நண்பரான ராபர்ட் என்ற பார்வையற்றவர் வீட்டுக்கு வரப்போகிறார் என்று தெரிந்ததிலிருந்தே கணவனுக்கு எரிச்சல். பார்வையற்றவர்களைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் சினிமாவில் பார்த்தது. அவர்கள் மெதுவாக நடப்பார்கள், சிரிக்க மாட்டார்கள், கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார்கள். வந்து இறங்குகிறவரோ தாடி வைத்திருக்கிறார், கறுப்புக் கண்ணாடியும் இல்லை, கையில் கோலும் இல்லை. தட்டில் எந்த மூலையில் எது இருக்கிறது என்று நொடியில் கண்டுகொண்டு மூக்குப் பிடிக்கச் சாப்பிடுகிறார், மது குடிக்கிறார், புகை பிடிக்கிறார். இரவு வெகுநேரம் கழித்துத் தொலைக்காட்சியில் பழைய தேவாலயங்களைக் காட்டுகிறார்கள். தேவாலயம் எப்படி இருக்கும் என்று விருந்தாளி கேட்க, கணவனுக்குச் சொல்ல வார்த்தை வரவில்லை. கடையில் பொருள் வாங்கி வந்த தடித்த காகிதப் பையை விரித்துப்போட்டு, அவன் பேனாவால் வரைய, ராபர்ட் அவன் கைமேல் கை வைத்துத் தொடர்கிறார். நடுவில் கண்ணை மூடிக்கொள் என்கிறார். மூடிக்கொண்டு வரைகிறான். திறந்து பார் என்று சொன்ன பிறகும் அவன் திறக்கவில்லை.

இந்தக் கதையில் யாருக்கும் யாரும் பதக்கம் தரவில்லை. ராபர்ட் தன்னை நல்லவன் என்று மெய்ப்பிக்க ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. சாப்பிட்டார், பேசினார், கேட்டதைக் கேட்டார். மாறியது பார்த்துக்கொண்டிருந்தவன்தான். உடற்குறை உள்ள பாத்திரத்தை எழுதப் போகிற நம் இளம் எழுத்தாளர்களுக்கு இதை நான் கையில் திணித்துக்கொண்டே இருக்கிறேன்.

சொற்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1977-இல் '16 வயதினிலே' வந்தது. கமல்ஹாசன் நடித்த பாத்திரத்துக்குக் கோபாலகிருஷ்ணன் என்று பெயர் இருந்தும் ஊரே 'சப்பாணி' என்றுதான் கூப்பிடும். இனி அப்படிக் கூப்பிடுகிறவனை அறைந்துவிடு என்று சொல்லிக் கொடுப்பாள் மயில். சில வருடம் கழித்து எங்கள் ஊர் டூரிங் டாக்கீசுக்குப் படம் வந்தபோது அந்தக் காட்சிக்குக் கொட்டகையே கைதட்டியது. மறுநாள் முதல் பள்ளிக்கூடத்தில் எனக்கு அந்தப் பெயர் வந்துவிட்டது. மயிலின் அறிவுரைப்படி நானும் ஒருவனை அறைந்தேன். திருப்பி அறைந்தான், காலிப்பரோடு விழுந்தேன். பிள்ளைத்தமிழில் குழந்தை இரு கையையும் சேர்த்துத் தட்டி விளையாடுகிற பருவத்துக்குச் சப்பாணிப் பருவம் என்று பெயர் என்பதைக் கல்லூரியில் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன். அவ்வளவு அழகான சொல்லை என்னவெல்லாம் செய்துவிட்டோம். இப்போது 'மாற்றுத்திறனாளி' என்கிறோம். சொல் மரியாதையாகவே இருக்கிறது, மாற்றாக எனக்கு என்ன திறன் இருக்கிறது என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. திரைப்படங்களில் உடற்குறையைக் காட்டும் விதம் குறித்து 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. உடற்குறையைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவை வேறு, உடற்குறை உள்ளவரைத் தாழ்த்தும் நகைச்சுவை வேறு என்று அதில் பிரித்துக் காட்டியிருந்தார்கள். படித்ததும் எனக்கு நினைவு வந்தவன் தையல்காரர் மகன்.

அடுத்த வீட்டில் இருந்தான். என் காலிப்பர் பழைய வகை. இரண்டு இரும்புத் தண்டு, தோல் பட்டை, கனமான பூட்சு, முழங்காலில் ஒரு பூட்டு. உட்காரும்போது பூட்டைத் தூக்கிவிட வேண்டும், எழுந்ததும் அது தானாக விழுந்து மாட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் துருப்பிடித்து, எட்டு வைக்கும்போதெல்லாம் கிறீச் கிறீச் என்று கத்தும். ஒரு மாலை அவன் அப்பாவின் தையல் மெஷின் எண்ணெய்க் குப்பியை எடுத்து வந்து, திண்ணையில் என் காலை நீட்டச் சொல்லி, பூட்டுக்கும் கீலுக்கும் சொட்டுச் சொட்டாக விட்டு, முன்னும் பின்னும் மடக்கிப் பார்த்தான். கருணையால் அல்ல. "நாளைக்கு மாந்தோப்புக்குப் போறப்ப உன் காலு சத்தம் போட்டு ரெண்டு பேரையும் காட்டிக் குடுத்துரும்லே" என்றான்.

திட்டம் முழுக்க என்னுடையது. காவல்காரர் எப்போது சாப்பிடப் போவார், வேலியில் எங்கே ஓட்டை என்றெல்லாம் பார்த்து வைத்தவன் நான். ஆனாலும் மாட்டிக்கொண்டோம். கதைகளில் என்றால் அவன் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பான். இவன் என்னை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். காவல்காரர் என்னைப் பார்த்தார், காலைப் பார்த்தார், கையில் இருந்த கம்பைத் தாழ்த்தினார். "இந்தப் புள்ளையையும் கெடுத்துட்டானே பாவிப்பய" என்று சொல்லி, என் டவுசர் பையில் இரண்டு மாங்காய்களைத் தானே திணித்து, வீடுவரை கொண்டுவந்து விட்டார். அன்று இரவு அடுத்த வீட்டில் இன்ச் டேப் சுழல்கிற சத்தமும் அவன் அலறலும் கேட்டன. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் கால் எனக்குச் சாட்சி சொல்லிவிட்டது. ஊர் என்னைத் தோற்றத்தை வைத்து எடை போட்டதில் அந்த ஒரு நாள் எனக்கு நல்ல இலாபம். ஒரு மாதம் அவன் என்னோடு பேசவில்லை. பேச வந்த அன்று முதலில் கேட்டது, "அந்த ரெண்டு மாங்காயில ஒண்ணு எங்க?" என்பது. அதை நான் முன்பே தின்றிருந்தேன்.

இந்த வகை நட்பை, அதாவது குறை உடையவனே குற்றவாளியாகவும் இருந்து, தன் குறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட கதையை, நான் எந்த நாவலிலும் படித்ததில்லை என்று மருமகளிடம் சொன்னேன். அவள் சற்று நேரம் யோசித்துவிட்டு, "அவர்கிட்ட சாரி சொன்னீங்களா மாமா?" என்று கேட்டாள்.

அவன் இப்போது திருப்பூரில் சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறான். அவள் கேட்டதற்காகவே போன மாதம் போயிருந்தேன். வாசலில் என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தி, முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்து, "என்னலே, சத்தமே வரல" என்றான். இது பிளாஸ்டிக்கில் செய்த புது வகை, எண்ணெய் வேண்டாம் என்று காட்டினேன். விரலால் தட்டிப் பார்த்தான், முழங்காலை மடக்கச் சொல்லிக் காது வைத்துக் கேட்டான். "நல்லாத்தான் இருக்கு. நாற்பது வருசத்துக்கு முன்னாடியே வந்திருந்தா நான் அடி வாங்கியிருக்க மாட்டேன்" என்றான். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் எதிரே பழக்கடைப் பையனைக் கூப்பிட்டு இரண்டு மாங்காய் கொண்டுவரச் சொல்லி, காசை என்னைக் கொடுக்கச் சொன்னான்.